படைப்பில் கழிவு என்று ஒன்றில்லை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வல்ல ரஹ்மானைப் புகழ்ந்து, அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத் ஓதி நம் உரையைத் துவங்குகிறோம்.

சற்று முன்னர் நம் பொருளாளர் அவர்கள் ஆண்டின் வரவு செலவுக் கணக்கை வாசித்தளித்தார்கள். ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்பதை ஜமாஅத்தார் கேட்டறிந்தீர்கள். இப்போது நாம் வேறொரு கணக்கை உங்கள் முன் வாசிக்க விரும்புகிறோம். நாம் உண்ணும் சோறும், குடிக்கும் நீரும், விடும் மூச்சும் எங்கிருந்து வருகின்றன, எங்கே செல்கின்றன என்னும் கணக்கு அது. அறிவியலார் இதனைச் சூழலியல் என்று அழைக்கின்றனர்.

"மிம்பரில் நிற்பவருக்கு இதில் என்ன வேலை?" என்று எவரேனும் எண்ணக்கூடும். மதரஸாவில் ஃபிக்ஹுக் கிதாபைத் திறந்தால் முதற்பாடமே தூய்மையைப் பற்றியதுதான். அதிலும் முதலில் பேசப்படுவது தண்ணீர். எந்த நீர் தூயது, எந்த நீர் தூய்மையை இழந்தது என்பதை அறிந்த பின்னரே மாணவர் தொழுகைப் பாடத்திற்குச் செல்ல முடியும். ஆகவே நீரைப் பற்றியும், நீர் தங்கும் மண்ணைப் பற்றியும் பேசுவது நமக்குப் புறம்பான செயல் அன்று.

சூழல் மண்டலம் என்பது யாது?

சூழலியல் என்னும் துறைக்கு 1866ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கல். உயிரினங்கள் ஒன்றோடொன்றும், தாம் வாழும் இடத்தோடும் கொண்டுள்ள உறவை ஆராய்வதே இத்துறை. பின்னர் 1935ஆம் ஆண்டில் ஆங்கிலேயத் தாவரவியலார் ஆர்தர் டான்ஸ்லி, உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் பிரிக்காமல் ஒரே அமைப்பாகக் காண வேண்டும் என்று கூறி, அதற்குச் சூழல் மண்டலம் என்னும் கருத்தை வழங்கினார்.

நமக்கு அருகேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்வோம். அதில் நீர் இருக்கிறது, அடியில் வண்டல் இருக்கிறது, மேலே காற்றும் வெயிலும் இருக்கின்றன. இவை உயிரற்றவை. நீரில் பாசி வளர்கிறது. பாசியைக் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் தின்கின்றன. அவற்றைச் சிறு மீன் தின்கிறது, சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது, பெரிய மீனை நாரையும் நீர்க்காகமும் கொத்திச் செல்கின்றன. இதுவே உணவுச் சங்கிலி. ஒரு மீனைப் பல பறவைகளும், ஒரு பறவை பல இரைகளையும் உண்பதால் பல சங்கிலிகள் பின்னி உணவு வலையாக விரிகின்றன.

இந்தச் செய்தி நம் முன்னோர்களுக்கு அந்நியமானது அன்று. பஸரா நகரில் வாழ்ந்து ஹிஜ்ரி 255இல், அதாவது கி.பி. 869ஐ ஒட்டி வபாத்தான அறிஞர் ஜாஹிஸ், "கிதாபுல் ஹயவான்" என்னும் தம் பெருநூலில், ஓர் உயிர் மற்றோர் உயிருக்கு உணவாவதையும், அந்த உயிர் இன்னொன்றுக்கு இரையாவதையும் விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

சூழல் மண்டலத்தில் உயிர்கள் மூன்று வகையாகப் பணியாற்றுகின்றன. பசுந்தாவரங்களும் பாசிகளும் சூரிய ஒளியைக் கொண்டு உணவைத் தயாரிக்கின்றன, இவை உற்பத்தியாளர்கள். தாமே உணவு தயாரிக்க இயலாமல் பிறவற்றை உண்டு வாழ்பவை நுகர்வோர்; மனிதராகிய நாமும் இவ்வகையே. மூன்றாம் வகையினர், இறந்த உடல்களையும் உதிர்ந்த இலைகளையும் சாணத்தையும் சிதைத்து மீண்டும் மண்ணாக்கும் பாக்டீரியா, பூஞ்சை முதலானவை, இவை சிதைப்பவை. மண்புழுவும் வண்டும் கரையானும் இவற்றுக்குத் துணை நிற்கின்றன.

அன்றாட வரவும் வக்ஃபுச் சொத்தும்

அருமைச் சகோதரர்களே! இங்கே இரண்டு விதிகளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சூழலியலின் அடித்தளமே இவ்விரண்டும்தாம்.

முதலாவது, ஆற்றல் ஒரே திசையில் செல்கிறது. சூரியனிலிருந்து வருகிறது, தாவரத்தில் நுழைகிறது, உண்ணும் உயிருக்குச் செல்கிறது, இறுதியில் வெப்பமாகக் கரைந்து போகிறது; திரும்ப வருவதில்லை. அமெரிக்க அறிஞர் ரேமண்ட் லிண்டமன் 1942இல் வெளியிட்ட ஆய்வின் வழியே பரவிய கணக்கின்படி, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சேர்வது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே. அதனால்தான் ஏரியில் பாசி மிகுதியாகவும், மீன் அதனினும் குறைவாகவும், நாரை மிகக் குறைவாகவும் இருக்கின்றன.

இரண்டாவது, பொருள் சுழன்றுகொண்டே இருக்கிறது. கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், நீர் ஆகியவை வெளியிலிருந்து நமக்கு நாள்தோறும் புதிதாக வந்து சேர்வதில்லை. பூமியில் உள்ளவையே மண்ணிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து ஆட்டுக்கும், ஆட்டிலிருந்து மனிதனுக்கும், மனிதனிடமிருந்து மீண்டும் மண்ணுக்குமாக வலம் வருகின்றன.

நம் ஜமாஅத்தாருக்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்றைக் கூறுவோம். சூரிய ஒளி, பள்ளிவாசல் உண்டியலில் அன்றாடம் விழும் வரவைப் போன்றது. இன்று செலவழிந்தாலும் நாளை மீண்டும் வரும். மண்ணும் நீரும் காற்றும் வக்ஃபுச் சொத்தைப் போன்றவை. வக்ஃபின் சட்டம் நீங்கள் அறிந்ததே. மூலச் சொத்து நிலைத்திருக்க வேண்டும், அதன் பலனை மட்டுமே அனுபவிக்கலாம். வாடகையைச் செலவிடலாம், கடையை விற்கலாகாது. நிலத்தின் விளைச்சலை உண்ணலாம், நிலத்தை உண்ணலாகாது. இன்று நம் தலைமுறை சூழல் விஷயத்தில் வாடகையோடு நிற்காமல் மூலத்திலேயே கைவைத்துக்கொண்டிருக்கிறது என்பதே நம் கவலையாகும்.

சிதைப்பவை இல்லையேல்

இந்த வக்ஃபை அழியாமல் காக்கும் முத்தவல்லிகள் யார் என்று கேட்டால், நாம் அருவருப்போடு நோக்கும் சிதைப்பவையும் பிணந்தின்னும் உயிர்களுமே என்று சொல்ல வேண்டும். உதிர்ந்த இலை அப்படியே கிடந்தால், இறந்த மாடு அப்படியே கிடந்தால், அவற்றுள் அடைபட்ட சத்துக்கள் மண்ணுக்குத் திரும்பா. புதிய செடி முளைக்க உணவு கிடைக்காது.

இக்கண்ணி அறுந்தால் நேர்வது யாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1990களில் தொடங்கி இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் விரைந்து மடிந்தன. வெண்முதுகுப் பாறு என்னும் இனத்தில் 100க்கு 99க்கும் மேல் அழிந்து போயின. காரணம் 2004இல் வெளிப்பட்டது. கால்நடைகளின் வலி நீங்கக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபீனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் எஞ்சி, அதனைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் கழுகுகள் தின்று தீர்த்துவந்த மாட்டுப் பிணங்கள் வெளியில் கிடந்து நாறின. அவற்றைத் தின்று நாய்கள் பெருகின. வெறிநாய்க்கடி அச்சமும் கூடியது. தமிழகத்தில் நீலகிரியின் மாயாறுப் பள்ளத்தாக்குப் பகுதியில் எஞ்சியவை இன்றும் கூடு கட்டி வாழ்கின்றன. துப்புரவுப் பணியாளர் இல்லாத ஊர் எப்படியிருக்கும் என்பதை இதனால் அறியலாம்.

கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ்

இனிச் சுழற்சிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கார்பன்: தாவரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுத்து அரிசியாகவும் மரமாகவும் மாற்றுகிறது. நாம் அரிசியை உண்டு மூச்சு விடும்போது அது மீண்டும் காற்றில் கலக்கிறது. நிக்காஹ் விருந்தில் பிரியாணித் தேக்சாவின் கீழ் எரியும் விறகும் அவ்வாறே. அம்மரம் சில பத்தாண்டுகளில் காற்றிலிருந்து எடுத்ததையே நெருப்பு திருப்பித் தருகிறது. வெட்டிய மரத்துக்கு ஈடாக வேறொரு மரம் வளருமாயின் கணக்கு நேராகும். நிலக்கரியும் பெட்ரோலும் அப்படியல்ல. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் புதையுண்ட கார்பனை நாம் இருநூறு முந்நூறு ஆண்டுகளில் எரித்துக் காற்றில் சேர்க்கிறோம். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அளவெடுக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐயும் கடந்துவிட்டது. பூமி வெப்பமடைவதற்கு இதுவே தலையாய காரணம்.

நைட்ரஜன்: நாம் சுவாசிக்கும் காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன். ஆயினும் எந்தப் பயிராலும் அதனை நேராக எடுத்துக்கொள்ள இயலாது. உளுந்து, பச்சைப்பயறு போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் அதனைப் பயிருக்கு உணவாக மாற்றித் தருகின்றன. நெல் அறுத்த வயலில் உளுந்து விதைக்கும் நம் உழவர் வழக்கத்தின் உட்பொருள் இதுவே. மண்ணிலும் சேற்றிலும் வாழும் வேறு சில பாக்டீரியாக்கள் அதனை மீண்டும் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் வழியைக் கண்டார். 1913இல் கார்ல் பாஷ் அதனைத் தொழிற்சாலை அளவுக்கு உயர்த்தினார். யூரியா உரம் பெருகியது இதன் வழியே. நம் மணலியில் உள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையில் யூரியா தயாராவதும் இம்முறையின் தொடர்ச்சியே. இதனால் கோடிக்கணக்கானோரின் பசி தீர்ந்தது என்பதை மறுக்கலாகாது. எனினும் பயிர் எடுத்துக்கொள்ளாத மிச்சம் நிலத்தடி நீருக்கும் ஏரிக்கும் இறங்குகிறது என்பதையும் மறத்தலாகாது.

பாஸ்பரஸ்: எலும்புக்கும் பல்லுக்கும் விதைக்கும் இது இன்றியமையாதது. இதன் சுழற்சி மிக மெதுவானது. நைட்ரஜனைப் போல் இது காற்றில் இல்லை. பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் செல்கிறது. கடலடியில் படிந்தது மீண்டும் பாறையாகி நிலத்துக்கு வர எண்ணற்ற காலம் பிடிக்கும். உலகில் அறியப்பட்ட பாஸ்பேட் பாறை இருப்பில் பெரும் பங்கு மொராக்கோவிலும் அதனையொட்டிய மேற்கு சஹாராவிலும் உள்ளது. நம் நாடு தன் தேவைக்கு வெளிநாட்டையே பெரிதும் நம்பியிருக்கிறது. சாக்கடையில் நாம் விடும் ஒவ்வொரு பிடிச் சத்தும் விலை கொடுத்துக் கடல் கடந்து வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வேடந்தாங்கல் கற்பிக்கும் பாடம்

கடலை நோக்கிச் செல்லும் இச்சத்துக்களை நிலத்துக்கு மீட்டுக் கொண்டுவருபவர் எவரேனும் உண்டா? உண்டு. அவர்களைக் காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில் செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டி வந்தோர் உங்களில் பலர் இருப்பீர்கள். பறவைகளைக் கண்டோமே தவிர, அங்கே நிகழும் கொடுக்கல் வாங்கலைக் கண்டோமா?

வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர் பரப்பே உடையது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும், நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் முதலானவை கூடு கட்டுகின்றன. அத்தனைக்கும் உணவளிக்க அச்சிற்றேரியால் இயலாது. ஆதலால் அவை சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து சென்று மீனும் நத்தையும் பிடித்து வந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. அவற்றின் எச்சம் மரத்தடியில் உள்ள நீரில் விழுகிறது. பல ஏரிகளில் சிதறிக் கிடந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் இவ்வாறு ஓர் ஏரியில் வந்து சேர்கின்றன. அந்நீர் மதகின் வழியே வயலுக்குப் பாயும்போது நீரோடு உரமும் பாய்கிறது.

இதனை அவ்வூர் உழவர்கள் எந்தக் கல்லூரியும் கற்பிக்காமலேயே கண்டறிந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை பெற்றனர். 1858இல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936இல் அது சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் சூழலியல் என்னும் சொல்லை உண்டாக்கும் முன்னரே ஒரு தமிழ்ச் சிற்றூர் அதனைக் கடைப்பிடித்திருக்கிறது.

எரு இடும் கலையை நம் முன்னோரும் தனியே எழுதி வைத்தனர். 12ஆம் நூற்றாண்டில் அந்தலூஸின் இஷ்பீலியா நகரைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம், "கிதாபுல் ஃபிலாஹா" என்னும் வேளாண் நூலில் மண் வகைகளையும், சாணம், இலைதழை ஆகியவற்றை எருவாக்கும் முறைகளையும் விரித்துரைத்தார். வேடந்தாங்கல் உழவரும் இஷ்பீலியா அறிஞரும் கண்டது ஒன்றே: எடுத்ததை உரிய இடத்தில் திருப்பிக் கொடுத்தால் மூலம் குறைவதில்லை.

அளவு தவறினால் அதுவே நஞ்சு

ஆனால் கவனியுங்கள். வேடந்தாங்கலில் வயலை வளமாக்கும் அதே நைட்ரஜனும் பாஸ்பரஸும், நகரின் ஓரத்து ஏரிகளில் சாக்கடையாக நுழையும்போது ஏரியைக் கொல்கின்றன. அங்கே வயலும் ஆயக்கட்டும் இருந்து சத்தை வாங்கிக்கொள்கின்றன. இங்கே ஆயக்கட்டு மனைகளாகிவிட்டது, வாங்கிக்கொள்வாரில்லை. மிகுந்த சத்தில் பாசி பொங்குகிறது, ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடுகிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி வெயிலையும் காற்றையும் நீருக்குள் விடாது தடுக்கிறது. பின்னர் அவை மடிந்து அழுகும்போது சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எல்லாம் எடுத்துக்கொள்கின்றன. மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கின்றன.

ஏரியில் மிதக்கும் மீனைக் கண்ணால் காணலாம். கண்ணால் காண இயலாத கேடு ஒன்றும் உண்டு. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளில் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து கசியும் நீர் மண்ணில் இறங்கும்போது, அதிலுள்ள நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் அடைகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. மிகுந்தால், புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கப்படும் பச்சிளம் குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. குழந்தையின் மேனி நீலம் பாரிக்கிறது.

ஃபிக்ஹுக் கிதாபுகளில் நீர் மாற்றமடைந்ததற்கு நிறம், சுவை, மணம் என்னும் மூன்று அடையாளங்களை நாம் ஓதியிருக்கிறோம். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாவுக்கும் அது புலப்படாது. ஒளுச் செய்யத் தகுந்த நீரா என்பது ஒரு கேள்வி. கைக்குழந்தைக்குக் கொடுக்கத் தகுந்த நீரா என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்குக் கிதாபு விடை தரும். இரண்டாவதற்கு ஆய்வுக்கூடம்தான் விடை தர முடியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் அதற்காகவே உள்ளன. இன்னொன்றையும் தாய்மார்கள் நினைவிற்கொள்க: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

நம் நீர், நம் கண்முன்னே

மாங்காடு என்னும் பெயரே மாமரங்கள் அடர்ந்த காட்டைச் சொல்கிறது. அம்மரங்களும் ஏரிகளும் நிலத்தடி நீரும் சேர்ந்ததே இவ்வட்டாரத்தின் வக்ஃபு. அண்மைக் காலத்தில் அதன் கணக்கு எப்படித் தடுமாறியது என்பதைக் கண்டோம். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் 24 அடி உயரமும் உடைய செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து, 2015 டிசம்பர் முதல் தேதியில் வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரைகள் மூழ்கின. நான்காண்டுகள் கழியுமுன், 2019 கோடையில், அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. 2017இலும் 2019இலும் நம் அண்டையிலுள்ள சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய மழைநீரை எடுத்துச் சுத்திகரித்துச் சென்னைக்கு வழங்கினார்கள்.

வெள்ளமும் வறட்சியும் வேறுவேறு நோய்கள் அல்ல. நீர்ச் சுழற்சி பழுதுபட்டதன் இரு முகங்கள். மழை மண்ணில் இறங்க இடமில்லை. எனவே ஒரே நாளில் ஓடிவிடுகிறது. இறங்காத நீர் கோடையில் எப்படிக் கிடைக்கும்? தளம் போட்ட முற்றமும் தார் போட்ட தெருவும் பெருகப் பெருக இச்சுழற்சி குறுகிக்கொண்டே வருகிறது.

நீரைப் போலவே குப்பையின் வழியும் அடைபட்டது. பெருங்குடியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலும், வடக்கே கொடுங்கையூரிலும் சென்னை தன் குப்பையை ஆண்டாண்டாகக் கொட்டிக் குவித்தது. மக்கிப் போகும் உணவு மிச்சமும் மக்காத பிளாஸ்டிக்கும் கலந்து மூடுண்டால், காற்று புகாத நிலையில் மீத்தேன் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு தீப்பற்றியபோது அதன் புகையைச் சுவாசித்தவர்கள் கொட்டியவர்கள் மட்டும் அல்லர்.

ஆக, "குப்பையை வெளியே எறிந்துவிட்டோம்" என்று நாம் சொல்வது பொருளற்ற சொல். பூமிக்கு வெளியே என்று ஓர் இடமில்லை. எறிந்தது சுற்றி வந்து நம் கிணற்றில், நம் மூச்சில், நம் மீன் குழம்பில் கைசேர்கிறது. நல்ல வடிவில் வருமா, கேடான வடிவில் வருமா என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

ஜமாஅத்தின் முன் வைக்கும் வேண்டுகோள்கள்

கேட்டுக் கலைந்து செல்வதற்காக நாம் இதனை உரைக்கவில்லை. நிர்வாகத்தினர் பரிசீலிக்கவும் ஒவ்வொரு வீட்டாரும் எண்ணிப் பார்க்கவும் ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறோம்.

1. ஒளுச் செய்த நீர்: கணக்கு எளியது. ஒருவர் குழாயைத் திறந்துவிட்டு 4 லிட்டர் செலவழிக்கிறார் என்று கொள்வோம். நூறு பேர், ஐந்து வக்து என்றால் நாளொன்றுக்கு 2,000 லிட்டர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்ததாக ஹதீஸ்களில் காண்கிறோம். ஒரு லிட்டர் அளவிலோ அதற்கும் குறைவிலோ அது அடங்கும். முதலில் செலவைக் குறைப்போம். செலவழிந்த நீரைச் சாக்கடைக்கு விடாமல் மணலும் சரளையும் இட்ட குழி வழியே மரங்களுக்குப் பாய்ச்சுவோம். சோப்பு அதிகம் கலவாத நீராதலால் இதற்கு மிக ஏற்றது.

2. மழைநீர்: 2003இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாய் பல வீடுகளில் இருக்கிறது. குழி தூர்ந்து கிடக்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் நீர். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பர் மாதத்திலேயே பள்ளிவாசலின் குழியையும் வீட்டின் குழியையும் தூர்வார வேண்டும். மழைநீர்க் குழியும் கழிவுநீர்த் தொட்டியும் அடுத்தடுத்து இருத்தலாகாது.

3. உணவு மிச்சம்: ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் நாட்களிலும் வலீமா விருந்துகளிலும் காய்கறித் தோல், இலை, மிஞ்சிய உணவு ஆகியவை பிளாஸ்டிக் தம்ளரோடு கலந்து போகின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை உள்ளது. நம் விருந்துகளில் அவை அறவே வேண்டாம். மக்குபவற்றைத் தனியே பிரித்து, காய்ந்த சருகோடு அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் கருநிற எருவாகும். கிளறுவது காற்றுக்காக, காற்றிருந்தால் நாற்றமில்லை, மீத்தேனும் இல்லை.

4. குர்பானி: இரத்தமும் குடல் சாணமும் மழைநீர் வடிகாலில் இறங்குவது அண்டை அயலாருக்குத் துன்பம், ஏரிக்கும் நஞ்சு. குடலிலுள்ள இரை பாதி செரித்த புல்லேயாதலால் அது முதல்தரமான எருப்பொருள். எலும்பில் கால்சியமும் பாஸ்பரஸும் நிறைந்துள்ளன. எலும்புத் தூள் உழவர் அறிந்த உரம். எனவே பெருநாளுக்கு முன்னரே நகராட்சியோடு கலந்து, சேகரிக்கும் இடத்தையும் வண்டியையும் நேரத்தையும் முடிவு செய்வோம். எஞ்சியதைக் கிணற்றிலிருந்து விலகிய இடத்தில் ஆழக் குழி எடுத்துப் புதைப்போம்.

5. நீர்ப் பரிசோதனை: ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், பள்ளிவாசல் கிணற்று நீரைச் சோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அடுத்த ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கை அடுத்து இக்கணக்கும் இடம்பெறுமாயின் நாம் மிக்க மகிழ்வோம்.

நிறைவாக

பெரியோர்களே! ஜனாஸாவைத் தோளில் சுமந்து கபரஸ்தானுக்குச் செல்லும்போது நாம் ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் இடுகிறோம். தைத்த ஆடையும் இன்றி வெறும் கஃபன் துணியில் மையித்தை மண்ணிடம் ஒப்படைக்கிறோம். வாழ்நாள் முழுதும் மண்ணிடமிருந்து கடனாகப் பெற்ற கால்சியமும் கார்பனும் நைட்ரஜனும் அன்று திருப்பிச் செலுத்தப்படுகின்றன. அங்கே நிற்கும் வேம்பின் நிழல் எங்கிருந்து வந்தது என்பதைச் சிந்திப்போர் அறிவர். அம்மரத்தடிச் சருகையேனும் தீயிட்டுக் கொளுத்தாமல் மண்ணுக்கே விட்டுவிடுவோம்.

மரணத்தின்போது திருப்பிக் கொடுப்பது நம் விருப்பத்தைப் பொறுத்தது அன்று. அது நிகழ்ந்தே தீரும். உயிரோடு இருக்கையில் திருப்பிக் கொடுப்பதே நம் அமானிதம். நமக்கு முன் வாழ்ந்தோர் ஏரியையும் கிணற்றையும் நமக்கு விட்டுச் சென்றனர். நமக்குப் பின் இப்பள்ளியில் ஒளுச் செய்யப் போகும் பிள்ளைகளுக்கு நாம் எந்த நீரை விட்டுச் செல்லப் போகிறோம் என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல நாயன் ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.